கேக்குது, விளங்குதில்லை: அம்மாவின் காதுக்கு எதை வாங்குவது?

எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். காலையில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அம்மா கேற்றடிக்குப் போய்விடுவார். வயது 74. அந்தப் பாட்டு அவருக்குத் தெளிவாகக் கேட்கும். பாண்காரத் தம்பி விலையைச் சொல்லும்போது மட்டும் திரும்பி என் வாயைப் பார்ப்பார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"எனக்குக் கேக்குது மகள், விளங்குதில்ல" என்பார். இரண்டு வருடமாக நாங்கள் அதைச் சாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். காதுச் சோதனைத் தாளைக் கையில் எடுத்த அன்றுதான், அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. வயதோடு வரும் காதுமந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் பகுதியில், கீச்சென்ற மேல் சுருதிகளைப் பிடிக்கும் நுண்மயிர் உயிரணுக்கள்தான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை திரும்ப முளைக்காது. உயிரெழுத்து ஓசைகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ம, ன மாதிரி மூக்கால் வருபவையும் அப்படித்தான். க, ச, த, ப எல்லாம் மெல்லிய, கணநேர ஓசைகள். இலக்கணம் வல்லினம் என்று சொல்லித் தந்த எழுத்துகள்தான் வயதானவர் காதில் முதலில் மெலிந்து போகின்றன. பத்து, கத்து, சத்து மூன்றும் அம்மாவுக்கு ஒன்று.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எங்களுக்குக் காட்டியது ஒரு குளிசை. உடம்பில் நீர் வடிய என்று கொடுத்தது. மருந்து கொடுத்தவர் "காலையில ஒண்டு" என்றிருக்கிறார், அம்மா "மாலையில ஒண்டு" என்று விளங்கிக்கொண்டார். ஒரு கிழமையாக இரவில் நாலு தரம், ஐந்து தரம் எழும்பி இருட்டில் கக்கூசுக்குப் போய் வந்து, கடைசியில் படியில் தடக்கினார். நல்லகாலம், கை சிராய்த்ததோடு போயிற்று. அதற்கு முதல் மாதம் கிளினிக்கில் தன் எண்ணைக் கூப்பிட்டது கேட்காமல் மத்தியானம் வரை வாங்கில் இருந்துவிட்டுச் சும்மா திரும்பி வந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வெட்கமாம். கல்முனை ரோட்டைக் கடக்கும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் தெரிவதில்லை. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிக் குளுத்திச் சடங்குக்கு விடிய விடிய அங்கேயே இருப்பவர், போன வருடம் பத்து மணிக்கே வந்து படுத்துவிட்டார். நாங்கள் குசினிக்குள் மெல்லக் கதைத்தால், "என்னைப் பற்றித்தானே?" என்று வேறு.

சரி, என்ன செய்வது? வீட்டில் ஆளுக்கொரு கருத்து. அக்கா: "வயசு போனா அப்படித்தான், விடுங்க." தங்கச்சி: "பேஸ்புக்கில ஒரு மெசின் போகுது, சில ஆயிரம்தான்." ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா: "காதுக்குள்ள தெரியாமப் போடுறது ஒண்டு இங்கயிருந்து அனுப்புறன்." களுவாஞ்சிக்குடிப் பெரியப்பா தன் சட்டைப் பையிலிருந்து வயரோடு தொங்கும் பெட்டியைக் காட்டி, "இதை விட என்ன வேணும்?" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அதற்கு முதல் ஒன்று. எதையும் வாங்க முன்னர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் வலக் காதில் குரும்பி கல்லாய் இறுகியிருந்தது. காதுக்குச்சியால் எடுக்கிறேன் என்று வருடக்கணக்காக உள்ளே தள்ளியதுதான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக்கான ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது, செலவில்லை. அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரியில் காட்டிக் கடிதம் எடுத்துக்கொள்ளலாம். குரும்பி எடுத்ததும் சிலருக்குப் பிரச்சினையே தீர்ந்துவிடும். மெசின் வாங்கும் செலவு மிச்சம். காதுச் சவ்வில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் நல்லெண்ணெய் காய்ச்சி விடுவதை மட்டும் நிறுத்துங்கள். இன்னொன்று: ஒரு காது ஒரே நாளில், ஓரிரவில் அடைத்துப் போனால் அது முதுமை இல்லை, அவசரம். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் திரும்பும் வாய்ப்பு அதிகம். "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது.

குரும்பி எடுத்த பிறகு செய்த சோதனையின் தாளில், அம்மாவுக்கு எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு, கல்லடிப் பாலத்தால் இறங்குகிற ரோட்டு மாதிரி இடமிருந்து வலமாகச் சரிந்து போனது. தாழ்ந்த சுருதியில் 25, 30 டெசிபெல். மேலே போகப் போக 65. சராசரி 45 அளவில். எல்லாரும் "எத்தனை வீதம் போயிற்று?" என்றுதான் கேட்கிறார்கள். இது வீதக் கணக்கில்லை. எவ்வளவு உரத்தால் காதில் விழத் தொடங்குகிறது என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 35இலிருந்து 50க்குள் நடுத்தர இழப்பு. அதே நிறுவனம் 60 வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குக் காதுமந்தம் உண்டு என்கிறது. ஆக அக்கா சொன்ன "அப்படித்தான்" பாதி சரி. பரவலானதுதான், ஆனால் விட்டுவிடக் கூடியதா?

அக்காவின் வழிக்குச் செலவில்லை என்று தோன்றும். எனக்கு அது இருப்பதிலேயே விலை கூடிய வழி. காது கேட்காதவர் கதையைக் குறைப்பார், கதை குறைந்தால் வெளியே போவது குறையும். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதிநோயின் ஆபத்தைக் கூட்டும், ஆனால் நாம் மாற்றக்கூடிய 14 விடயங்களைச் சொன்னது. காதுமந்தம் அதில் ஒன்று. இதை வைத்து "மெசின் போட்டால் மறதி வராது" என்று யாராவது விற்க வந்தால் நம்பவும் வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் 70இலிருந்து 84 வயது வரையான 977 பேரை மூன்று வருடம் பார்த்த ஆய்வில், மொத்தமாக எடுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. மறதிக்கான ஆபத்து ஏற்கெனவே கூடியிருந்த பிரிவில் மட்டும், மெசின் போட்டவர்களுக்கு அறிவுத்திறன் தேயும் வேகம் 48 வீதம் குறைந்தது. எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். அம்மா தன் குளிசையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். அது போதும்.

தங்கச்சியின் பேஸ்புக் மெசின் வந்து சேர்ந்தது. காதில் மாட்டினதும் அம்மா முதலில் சொன்னது: "ஐயோ, காத்தாடிச் சத்தம்!" இந்த மாதிரி மலிவான காது ஒலிபெருக்கிகள் எல்லாச் சுருதியையும் சேர்த்துத் தூக்குகின்றன. அம்மாவுக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த சத்தங்கள்தான் (மின்விசிறி, மோட்டர், பஸ்) இன்னும் பெரிதாகி, கேட்காத "க"வையும் "ச"வையும் மூடிவிட்டன. 2017இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வு, 42 பேரை வைத்துச் செய்தது, இதையே எண்ணில் காட்டியது. வெறும் காதால் நூறுக்கு 77 அளவில் விளங்கியவர்களுக்கு முறையான மெசினில் 88 விளங்கியது. 30 டொலர் ஒலிபெருக்கியில் 65க்கு இறங்கிவிட்டது. அதே ஆய்வில் விலை கூடிய ஒலிபெருக்கிகள் சில, மெசினுக்குக் கிட்ட வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? அது இப்போது அலுமாரிக்குள் கிடக்கிறது.

பெரியப்பாவின் பெட்டி மெசினை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்கு 82 வயது, கை நடுங்கும், காது மிகவும் மோசம். பெரிய திருகு, கடைக்குக் கடை கிடைக்கும் பேனா பற்றரி, விழுந்தால் தேடத் தேவையில்லாத பருமன். அவருக்கு அதுதான் சரி. அம்மாவுக்கு ஏன் சரிவரவில்லை என்றால், மைக் நெஞ்சில் இருக்கிறது. சேலை உரசுகிற ஒவ்வொரு தரமும் காதுக்குள் காகிதம் கசக்குகிற மாதிரிச் சத்தம். பையில்லாத உடுப்பில் அதைத் தொங்கவிட இடமும் இல்லை. இந்த மெசின்களைச் செய்தவர்கள் ஆம்பிளைச் சட்டையைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் போல.

அண்ணாவோடுதான் வாக்குவாதம் நீண்டது. காதுக்குள் தெரியாமல் போடும் சின்ன மெசின் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. முதலாவது, அதை ஒழுங்காகச் செய்வதென்றால் காதின் அச்சு எடுக்க வேண்டும். அம்மா கல்லடியில், அச்சு எடுப்பவர் ரொறன்ரோவில். இரண்டாவது, பற்றரி பொத்தானை விடச் சின்னது, வாதம் பிடித்த விரலால் அதை மாற்ற முடியாது. மூன்றாவது, ஒலி வெளியே வரும் வாய் காதின் குரும்பியோடும் வியர்வையோடும் நேரே குடும்பம் நடத்துகிறது. நாலாவதை யாரும் யோசிப்பதில்லை: மெசினைக் கணினியில் இணைத்து, அவரவர் சோதனைத் தாளுக்கு ஏற்பச் சுருதி சுருதியாகச் சரிக்கட்ட வேண்டும். ஒருமுறையில் முடியாது. சில வெளிநாட்டுக் கடைகள் விற்பவற்றை அவர்களுடைய மென்பொருளால் மட்டும்தான் திருத்தலாம். இங்கே கொண்டு போய்க் காட்டினால், "இதை நாங்க திறக்க ஏலாது" என்பார்கள். "அப்ப காசை அனுப்பு, மெசினை அனுப்பாத" என்று அம்மாவே போனில் முடித்துவிட்டார். (அது அவருக்கு விளங்கியது. போன் ஸ்பீக்கரில் இருந்தது, விடயம் காசைப் பற்றியது.)

மிச்சம் நின்றது காதுக்குப் பின்னால் மாட்டும் மெசின். இதிலும் இரண்டு மூன்று முடிச்சு உண்டு.

ஒன்று, காதுக்குள் போகும் முனை. காது மிக மந்தமானவருக்கு அச்சில் வார்த்த அடைப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒலி வெளியே கசிந்து விசில் அடிக்கும். அம்மாவைப் போலத் தாழ்ந்த சுருதி நன்றாகவும் மேல் சுருதி மோசமாகவும் உள்ளவருக்கு ஓட்டையுள்ள சின்ன ரப்பர் குடை போதும். ஏற்கெனவே கேட்கிற தாழ்ந்த சத்தங்கள் தன்பாட்டில் உள்ளே வரும், தன் குரலே குடத்துக்குள் கேட்பது மாதிரி இருக்காது.

இரண்டு, ஒலி உண்டாக்கும் பாகம் எங்கே இருக்கிறது என்பது. இப்போது கடைகளில் கூடுதலாகக் காட்டுவது மெல்லிய வயர் வழியே அந்தப் பாகம் காதுக்குள் இருக்கும் வகை. தெளிவு நல்லது, பார்க்கவும் அழகு. ஆனால் மார்கழி மழையில் சுவரே வியர்க்கிற ஊர் இது. கச்சான் காற்றடிக்கும் வெயில் காலத்தில் நாங்கள் வியர்க்கிறோம். காதுக்குள் இருக்கும் பாகத்துக்கு ஈரம் ஆகாது. எல்லாப் பாகமும் காதுக்குப் பின்னால் பெட்டிக்குள்ளே இருந்து, வெறும் மெல்லிய குழாய் மட்டும் உள்ளே போகும் வகையை எடுத்தோம். குழாய் அடைத்தால் நூல் மாதிரி ஒரு கம்பியை விட்டு நானே எடுத்துவிடுவேன்.

மூன்று, பற்றரியா, சார்ஜா? இதில் நான் கட்சி மாறினேன். பற்றரிதான் நல்லது என்று நினைத்திருந்தேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதை மறந்தவர் யார்? காதுமெசின் பற்றரி காற்றில் இயங்கும் வகை. நிற ஒட்டியை உரித்ததும் வேலை தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. 13ஆம் அளவு, செம்மஞ்சள் ஒட்டி, ஒன்று ஒரு கிழமைக்கு மேல் போகும். பெரிய மனதோடு ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். தங்கச்சியின் இரண்டு வயதுக் குட்டி என் முன்னாலேயே ஒன்றை வாய்க்குக் கொண்டு போனதும் மனம் மாறிவிட்டது. பொத்தான் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் தொண்டைக்குள் இரண்டு மணித்தியாலத்திலேயே எரித்துப் புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சார்ஜ் மெசின் என்றால் அம்மா இரவில் பெட்டிக்குள் வைத்தால் சரி. கரண்ட் போனால் பவர் பேங்க் இருக்கிறது. சில வருடத்தில் உள்ளே இருக்கும் பற்றரி களைக்கும், அப்போது செலவு வரும். அதை ஏற்றுக்கொண்டோம்.

காத்தான்குடியில் என் சிநேகிதியின் உம்மாவுக்கு இதே கணக்கு வேறு விதமாக முடிந்தது. பின்னால் மாட்டும் மெசினின் மைக்கில் முக்காடு உரசிக்கொண்டே இருந்ததாம். ஐந்து வேளைத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யக் கழற்றி மாட்டவும் வேண்டும். அவர்கள் காதின் குழியை நிரப்பும் அளவான, கொஞ்சம் பெரிய உள்மெசினை அச்சு எடுத்துச் செய்தார்கள். கழற்றுவது மாட்டுவது ஒரே அழுத்து. அவருக்கு விரல் நன்றாக வளைகிறது. கண்ணாடி போடுபவர்களும் இதை யோசிக்கலாம். கண்ணாடிக் காலும் மெசினும் காதின் பின்னால் ஒரே இடத்துக்கு நெருக்கும்.

உட்காதுக்குள் மின்கருவி வைக்கும் கொக்ளியர் சத்திரசிகிச்சை பற்றியும் ஒரு சொந்தக்காரர் சொன்னார். அது மெசினாலும் பேச்சு விளங்காத, கடுமையான இழப்புக்கு. அம்மாவின் பக்கம் அந்தக் கதையே வராது.

வாங்குகிற இடம், வாங்குகிற பொருளளவுக்கு முக்கியம் என்பதைக் கொஞ்சம் அலைந்துதான் அறிந்தோம். முதலில் போன ஒரு இடத்தில் காதைச் சோதிக்காமலே, "வயசு என்ன? எழுபதா? அப்ப இது சரி" என்று லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். தாளைக் காட்டினதும் அதே வாய் இன்னொன்றைக் காட்டியது. அப்புறம் நான் எங்கே போனாலும் நாலு கேள்விதான்: வீட்டுக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பார்க்க எத்தனை நாள் தருவீர்கள், சரிக்கட்ட வருகிற ஒவ்வொரு தரமும் காசா, பழுதானால் மட்டக்களப்பில் யார் பார்ப்பார், உத்தரவாதம் பில்லில் எழுதித் தருவீர்களா. கொழும்பில் விலை கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, சுருதியைக் கொஞ்சம் கூட்ட என்று இரவு ரயிலில் எத்தனை தரம் போவது? டவுனிலேயே ஆள் இருக்கிற இடத்தில், கொஞ்சம் கூடக் கொடுத்து எடுத்தோம். கையில் காசில்லாதவர்கள் டொக்டரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, உதவி இருக்கிறதா என்று கேளுங்கள். காத்திருக்க வேண்டி வரும், கிடைக்கிற மாடலைத்தான் எடுக்க வேண்டும். இருந்தாலும் அலுமாரிக்குள் கிடக்கும் பேஸ்புக் மெசினை விட அது மேல்.

இரண்டு காதுக்கும் போட்டால்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும், இரைச்சலுக்குள் பேச்சும் பிரியும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. காசு ஒன்றுக்குத்தான் இருந்தது. இடக் காதில் சொற்கள் கூடுதல் தெளிவாகப் பிடிபட்டதால் சோதித்தவர் அதைத் தெரிவு செய்தார்.

முதல் கிழமை அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. கரண்டி சட்டியில் தட்டுவது, கருவாட்டுக் கடதாசி சரசரப்பது, காகம். "இவ்வளவு நாளும் இந்தக் காகம் எங்க இருந்தது?" மூளை மறந்துபோன சத்தங்களைத் திரும்பப் பழக வாரக்கணக்கில் எடுக்கும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று கூட்டினோம். சந்தைக்குப் போட்டுப் போனது ஒரு மாதம் கழித்து. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்தால் மெசினைக் கழற்ற வேண்டும், எண்ணெய் மைக்கின் வாயை அடைத்துவிடும். இதற்காக எண்ணெய் வைக்கும் நேரத்தை இரவுக்கு மாற்றியிருக்கிறார். இரவில் மெசின் சார்ஜ் பெட்டிக்குள். கிழமைக்கு இரண்டு இரவு, சார்ஜ் ஏறின பிறகு, நீர் உறிஞ்சும் சிலிக்கா குண்டு போட்ட போத்தலுக்குள்.

மெசின் இல்லாமலே செய்யக்கூடியதையும் சேர்த்துச் செய்தோம், அதில் பாதி எங்களுக்குத்தான் பயிற்சி. முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகம் திரும்பின பிறகு கதைப்பது. குசினியிலிருந்து கத்தாமல் எழும்பி வருவது. டிவியை நிறுத்திவிட்டுப் பேசுவது. கத்தினால் விளங்காது, தேய்ந்த காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, உரத்த சத்தமோ நமக்கு வலிப்பது போலவே வலிக்கும். நடுவில் இருக்கும் இடம் சுருங்கிவிட்டது. "ஏன் கத்துறாய்?" என்று கிழவர்கள் சண்டை பிடிப்பது அதனால்தான். விளங்காத சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்வது உதவும். காலை, மாலை என்பதை வீட்டில் நிறுத்திவிட்டோம், விடிய, பின்னேரம். குளிசைக் கவரில் சூரியனும் நிலாவும் கீறி வைத்திருக்கிறேன். கூகுளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப் பேசுவதைத் தமிழில் எழுத்தாக்கிப் போனில் காட்டும். கிளினிக்கில் டொக்டர் சொல்வதற்கு அது கைகொடுத்தது. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு அது எழுதினதைப் பார்த்து அம்மா சிரித்ததும் உண்டு.

இந்த மாதம் கிளினிக்குக்கு நான் கூடப் போனேன், ஆனால் வெளியே நின்றேன். எண்ணைக் கூப்பிட்டதும் அம்மா எழும்பிப் போனார். வரும்போது கையில் குளிசைக் கவர். "விடியத்தான் ஒண்டு, நான் ரெண்டு தரம் கேட்டுட்டன்."

வலக் காதுக்கு இன்னும் வாங்கவில்லை. அக்கா பிடிக்கிற சீட்டு தையில் எங்கள் கைக்கு வரும். அதுவரைக்கும் வீட்டில் எல்லாரும் அம்மாவின் இடப் பக்கம் உட்கார இடம் பிடிக்கிறோம்.